காக்கா ஓட்டிய பாட்டு

எங்கள் பெரியப்பா ஒரு காலத்தில் பாட்டு ரெக்கார்டு போட்டவர் என்பதை வீட்டில் யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருவருக்கு வந்துபோன மஞ்சள்காமாலையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். ராயபுரத்து ஆங்கிலோ இந்திய நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ராக் வாசித்தாராம். கிட்டார் கம்பிகளுக்கு அடியில் சைக்கிள் ஸ்போக்கைச் செருகுவாராம். துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் சங்கைப் பதிவு செய்து, அதைப் பின்னோக்கி ஓடவிட்டுப் பாட்டில் சேர்த்தாராம். ஒரே ஒரு எல்.பி. ரெக்கார்டு வந்தது. அதை முதன்முதலாகக் கேட்ட என் அப்பா, மெஷின் கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம்.

எனக்குத் தெரிந்த பெரியப்பா, திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு பார்க்கும் ஃபிட்டர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பவர். அவ்வளவுதான்.

நான் ஆறாவது படித்த வருஷம், பெரியம்மா காசிமேட்டில் நெத்திலி வாங்கி வந்து மொட்டைமாடியில் காயவைத்து விற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் எனக்குக் காக்கா ஓட்டும் வேலை. குச்சியும் கையுமாக வெயிலில் உட்கார எனக்குப் பிடிக்காது. கேசட் டேப்பை உருவிக் குறுக்கே கட்டினால் அது காற்றில் மின்னி விர்ரென்று சத்தம் போடும், காக்கா கிட்டே வராது என்று கண்டுபிடித்தேன். வீட்டில் கிடந்த பழைய கேசட்டுகள் இரண்டே நாளில் தீர்ந்துபோயின. வேறு ஏதாவது கிடைக்குமா என்று பரணில் தேடியபோது, ஒரு தகர டப்பாவுக்குள் பெரிய சக்கரம் ஒன்று அகப்பட்டது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. அதில் சுற்றியிருந்த டேப் கேசட் டேப்பைவிட அகலம். மாடி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக, சக்கரம் காலியாகும்வரை கட்டினேன்.

"இந்தப் பொண்ணுக்கு இன்னா மூளை கீது பாரேன்!" என்று பெரியம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெரியப்பா சத்தம் கேட்டு மாடிக்கு வந்தார். ஒரு டேப்பை இரண்டு விரலால் பிடித்தார். அதன் சத்தம் நின்றது. விட்டார். மறுபடி விர்ரென்றது.

"யாரு கட்னது?"

"நான்தான் பெரியப்பா!"

"நல்லா கீது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு வயிறு சரியில்லை என்று அவர் சாப்பிடவில்லை.

வெயிலிலும் உப்புக் காற்றிலும் அந்த டேப் கொஞ்ச நாளில் துண்டு துண்டாக உதிர்ந்தது. பெருக்கிக் கொட்டிவிட்டோம். நான்கைந்து மாதம் கழித்து, அடையாறிலிருந்து கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"அங்கிள், உங்க ரெக்கார்டை ஜெர்மனியில தேடிட்டிருக்காங்க. சத்தத்தைச் சுத்தம் பண்ணி சி.டி.யா போடப்போறோம். அந்தக் காலத்துல இங்க யாருமே இப்படி வாசிக்கல."

பெரியம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரிஜினல் டேப் இருக்கா அங்கிள்? பெரிய சக்கரத்துல சுத்தியிருக்குமே" என்று அவர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். சரியாகத் தட்டு அளவு. கதவுக்குப் பின்னால் நின்ற நான் இன்னும் உள்ளே ஒதுங்கிக்கொண்டேன்.

"பரண்ல ஒரு டப்பா..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"அது இல்லமே" என்று பெரியப்பா குறுக்கிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. "கரையான் அரிச்சிடுச்சு தம்பி. நான்தான் ஒயுங்கா வெச்சுக்கல."

கடைசியில், டிரம்ஸ் வாசித்த நண்பரின் தங்கை வீட்டில் ஒரு ரெக்கார்டு இருப்பது தெரிந்து, அதை வைத்தே வேலையை முடித்தார்கள். சி.டி. வந்ததும் பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முழங்கால்மேல் அவர் இடதுகை விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு அதைக் கழற்றி என் காதில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு சங்கு தேய்ந்த குரலில் ஆரம்பித்துப் பெரிதாகிக்கொண்டே வந்து சட்டென்று அறுந்தது. இடையிடையே கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம்.

"முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டோம் அங்கிள். ஒரிஜினல் டேப் மட்டும் இருந்திருந்தா கண்ணாடி மாதிரி வந்திருக்கும்."

"பரவால்ல தம்பி. நல்லாவே வந்துகீது."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பஸ் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கரையான் இல்ல பெரியப்பா. நான்தான்."

"தெரியும்."

"அடிக்க மாட்டியா?"

"இன்னாத்துக்கு? அது இன்னான்னு நான் உனக்குச் சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா தொட்டிருப்பியா? வுடு, அழுவாத. கடலையைத் துன்னு."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே, அது அப்படியொன்றும் பெரிய சாமான் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தூக்கம் வருகிறதாக்கும் என்று, அவர் பங்குக் கடலையையும் நானே தின்று தீர்த்தேன்.