சுண்டிப்போன கடல்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு கடல் இருந்தது. இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி உயரம்.

என் வீட்டுக்காரருக்கு முத்தியால்பேட்டையில் கண்ணாடிக் கடை. சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் சட்டம் போடுவார், ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டி மாட்டுவார். நான் வீராம்பட்டினத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் வீட்டிலும் ஒரு காலத்தில் கட்டுமரம் இருந்ததுதான். என் மாமனார் அதை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போய்விட்டார். நான் வரும்போது அவர் இல்லை, மாமியார் மட்டும்தான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் நான் அதிகம் பேசியது கிடையாது. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவேன். "இதுக்கு வாய் இருக்குதுன்னு சோறு துன்னும்போதுதான் தெரியுது" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் இவர், பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டப் போனார். அவரை எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் திரும்பி வந்து சாப்பிடும்போது சொன்னார்.

"முசே வூட்ல ஒரு கண்ணாடித் தொட்டி கீது. உள்ள கடல் தண்ணி. கல்லு, அதுல பூ மாதிரி ஒண்ணு விரியுது, கலர் கலரா மீனு. எல்லாம் உசிரோட. நான் பாட்டுக்கு வேலைய வுட்டுட்டு அங்கயே நின்னுட்டேன்."

சோறு போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. கடலுக்கு அடியில் கல்லும் பாறையுமாக இருக்கிற திட்டை எங்கள் ஊரில் பார் என்பார்கள். பாரில் வலை சிக்கினால் சில நாள் கல்லோடு சேர்ந்து வரும். அந்தக் கல்லில் பூவும், சங்குக்குள் குடியிருக்கிற நண்டும், விரல் நீளத்துக்குக் கோடு போட்ட மீனும் இருக்கும். சின்னப் பிள்ளையில் அதையெல்லாம் அலுமினியக் குண்டானில் போட்டு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சாயந்திரத்துக்குள் எல்லாம் செத்துவிடும். நான் அழுவேன்.

"நம்ம வூட்லயும் வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்து நானாக ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இவர் சோற்றை வாயில் வைக்காமல் என்னையே பார்த்தார்.

மறு வாரமே வேலையை ஆரம்பித்துவிட்டார். அப்போதெல்லாம் மீன் தொட்டி என்றால் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை வைத்து, இடுக்கில் புட்டி மாவு அப்பி அடைப்பார்கள். உப்புத் தண்ணீருக்கு இரும்பு ஆகாது, துரு இறங்கி மீன் செத்துப்போகும் என்று முசே சொன்னாராம். பிரான்சிலிருந்து கொண்டுவந்த பசை ட்யூப் ஒன்றையும் கொடுத்தார். சட்டம் இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டுகிற பசை. ஒட்டினதும் வீடு முழுக்கப் புளித்த வாடை. "தே, இது இன்னாடா, மாவு புளிச்சிப் போச்சா?" என்று மாமியார் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

எங்கே வைப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம். வெயில் படக்கூடாது, நடக்கும்போது ஆடக்கூடாது. கடைசியில் கூடத்து மூலையில் செங்கல் அடுக்கி அதன்மேல் கடப்பைக் கல் போட்டு வைத்தார். முதலில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரித்து, ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. இவர் தாளை எடுத்துத் தெருவில் நின்று எல்லாரிடமும் காட்டினார்.

மணலும் தண்ணீரும் என் அண்ணன் கொண்டுவந்தார். பக்கத்துக் கடற்கரைத் தண்ணீர் வேண்டாம், சாக்கடை கலக்கிறது என்று சொல்லி, படகில் போகும்போது உள்ளே இருந்து கேனில் பிடித்து வருவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். "மாப்ள, ஊருல எல்லாரும் மீனைத்தான் விப்பாங்க. நான் தண்ணி சுமக்கிறேன் பாரு" என்பார். பார்க்கல்லும் அவர் கொண்டுவந்ததுதான். கல்லை மட்டும் போட்டு ஒரு மாதம் சும்மா விட வேண்டும், அவசரப்பட்டு மீனை விட்டால் தங்காது என்று முசே சொல்லி அனுப்பியிருந்தார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"கடலே வேணாம்னுதான் உன் மாமனார் மில்லுக்குப் போனாரு. நீ வந்து கடலைத் தூக்கி நடுக்கூடத்துல வெச்சிகினு, வெறும் கல்லைப் பாத்துகினு குந்தியிருக்க."

மாசி மாதம் மீன் வந்தது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மூன்று. ஒரு சங்கு நண்டு, கல்லோடு ஒட்டின பூ ஒன்று. காற்று விடுகிற சின்ன மோட்டார் வண்டு மாதிரி இரையும். கரண்டு போனால் நான் சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவேன். மீன்களைப் பற்றி முதலில் முணுமுணுத்த மாமியார், பத்தே நாளில் அவற்றைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட ஆரம்பித்தார்.

தொட்டி என் பொறுப்பு. வெயில் காலம், தண்ணீர் தினம் கொஞ்சம் வற்றும். காலையில் வாசல் தெளித்ததும், அண்ணன் கொண்டுவந்த கடல் தண்ணீரைச் சொம்பில் எடுத்து, குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்புவேன். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

சித்திரையில் பூ சுருங்கியது. பிறகு விரியவே இல்லை. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து நீந்திச் செத்தது. ஒரு வாரத்தில் இன்னொன்று. இவர் கடையிலிருந்து வந்தால் சட்டையைக் கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். மூலையில் பசை போட்ட இடத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார்.

"பசையிலதான் விஷம் இறங்குது. நான் ஒட்டினது சரியில்ல. காயறதுக்கு முன்ன தண்ணி ஊத்திட்டேன் போல."

அந்த சமயத்தில்தான் முசே சொல்லி, ஒரு பிள்ளைகள் டாக்டர் தன் கிளினிக்கில் வைக்க இதே மாதிரி தொட்டி ஒன்று கேட்டிருந்தார். சட்டம் அடிக்கிற வேலையை விட்டு வேறு ஒன்று தேடி வந்தது இவருக்கு அதுதான் முதல். அதை வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வந்தா இருக்கிற ஒத்த மீனைக் குடுத்தனுப்பு, கடல்ல வுட்டுடட்டும். இதைப் பிரிச்சி போட்டோவுக்கு வெட்டிடுறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியைக் கடைசியாகத் துடைத்து வைப்போம் என்று போனேன். மேல் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு வைத்துப் பார்த்தேன். கரித்தது, கடைசியில் கசந்தது. கேனில் இருந்த தண்ணீரையும் பார்த்தேன். அது நான் பிறந்ததிலிருந்து குளித்த, குடித்துப் புரையேறின கடல். தொட்டியில் இருந்தது அது இல்லை.

கல் அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சுண்டியிருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றச் சொம்பை எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது. நான் தினம் தினம் அதன்மேல் இன்னும் உப்பைக் கொட்டியிருக்கிறேன்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார், கையில் மீனுக்குக் குண்டானோடு. இவர் பசையை அறுக்கப் பிளேடை எடுத்துக்கொண்டு குந்தினார். மாமியார் கதவோரம் நின்றார். சொல்லாமல் இருந்துவிட்டால் என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பசை இல்லீங்க. நான்தான்."

"இன்னா நீதான்?"

"நான்தான் கொன்னுட்டேன். குழம்பு சுண்டுனா தண்ணிதான ஊத்துவோம்? நான் குழம்பையே ஊத்திகினு வந்திருக்கேன்."

யாருக்கும் புரியவில்லை. மாமியார்தான் வந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்துத் தூவென்று துப்பினார். "அடப்பாவி, கருவாடு ஊறப்போட்ட தண்ணிடா இது!" அண்ணனும் தொட்டுப் பார்த்தார். இவர் கடைசியாகப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப என் பசை?" என்றார்.

"உங்க பசைக்கு ஒண்ணுமில்ல."

பிளேடைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு, எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. "கேட்டியா மச்சான், ரெண்டு வருஷமா பேசாதவ, பேசி என் தொட்டியைக் காப்பாத்திட்டா."

"ஒரேயடியா நல்ல தண்ணி ஊத்திடாதே பாப்பா, தாங்காது" என்றார் அண்ணன். குழாய்த் தண்ணீரைக் குடத்தில் ஒரு நாள் வைத்திருந்து, கொஞ்சம் தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, தினம் இரண்டு சொம்பு ஊற்றினேன். அந்த ஒற்றை மீன் பிழைத்தது. பூ பிழைக்கவில்லை.

டாக்டருக்கும் தொட்டி செய்தார். கொண்டுபோய் வைக்கிற அன்று என்னையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டார். டாக்டர் எல்லாம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் வற்றினால் என்ன செய்வது என்றார். இவர் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லு" என்றார். நான் இவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன். ஆனால் சொன்னேன். "நல்ல தண்ணி ஊத்துங்க. கடல் தண்ணி ஊத்தாதீங்க." டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தொட்டி மாடி ரூமில் கிடக்கிறது, பேரப்பிள்ளைகளின் பழைய நோட்டெல்லாம் அதில்தான். உள்ளே கைவிட்டு மூலையைத் தடவினால் அந்தப் பசை இன்னும் விடவில்லை. மருமகள் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன், வாயைத் திறந்துதான்.