ஏழு டிகிரி

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியது அம்மாவிடம்தான். "அந்த நம்பர் ஆறைத் தாண்டக் கூடாது. பாத்துக்க." அம்மா தலையாட்டினாள். எந்த நம்பர் என்று கேட்கவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் நின்றிருந்த சின்னவளும் கேட்கவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவர் போய்விட்டார்.

லிப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷ வேலை. ஓடுகிற லிப்டின் கதவில் காதை ஒட்டி வைத்து, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். மோட்டாரைப் புறங்கையால் தொட்டு "அறுபத்திரண்டு டிகிரி" என்பார். கூட வந்தவர் மீட்டர் வைத்துப் பார்த்தால் அறுபத்தொன்று காட்டும். "மீட்டர் தப்பு" என்பார் சிரிக்காமல். ஆனால் அவர் லிப்டில் ஏறுவதில்லை. எத்தனை மாடியானாலும் படிதான். ஏன் என்று கேட்டால், "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் எவன் ஏறுவான்?"

அந்த வீட்டில் குடிக்கிற வழக்கமே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒயின் வந்தது ஒரு லிப்ட் வழியாகத்தான். ஒரு கட்டடத்தில் நாலாம் மாடிப் பெரியவர் ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மாற்று உதிரிபாகம் வந்துசேர இரண்டேமுக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, உள்ளே இருட்டில் அழுதுகொண்டிருந்தவரிடம் ஊர்க்கதை உலகக்கதையெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் பெரியவர் ஒரு மரப்பெட்டி அனுப்பினார். பன்னிரண்டு பாட்டில். கூடவே ஒரு சீட்டு: பத்து வருஷம் தொட வேண்டாம், படுக்க வைக்கவும், வெளிச்சமும் சூடும் ஆட்டமும் ஆகாது.

லேபிளில் அச்சடித்திருந்த வருஷம், தற்செயலாக, அவர்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம்.

"அப்ப இது நாம குடிக்க வேண்டியது" என்றாள் அம்மா.

"பத்து வருஷம் ஆகட்டும்."

பத்து பதினேழானது. பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் வீடு. மாடிப்படிக்கு அடியில் ஏழு படி இறங்கினால் ஒரு நிலவறை. அதில் மரச்சட்டம் அடித்துப் பாட்டில்களைப் படுக்க வைத்தார். வருஷத்துக்கு ஒன்றாகத் தானும் வாங்கிச் சேர்த்தார். ஒரு பழைய பாதரச வெப்பமானியைச் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதினார். அண்ணன் அதற்குப் பூதம் காத்த புதையல் என்று பேர் வைத்தான். பூதம் கோபித்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு வேலை கிடைத்த அன்று முதல் பாட்டிலைத் திறந்தார். வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். கார்க் வந்ததுமே நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. எல்லாரும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரயிலுக்குத் துரு எடுக்க ஆகும்." ரயில் என்றால் லிப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளம். வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பிறகு எட்டு டம்ளரையும் அவரே கழுவிக் கவிழ்த்தார்.

ஒயின் கடைக்காரரிடம் போய்க் கேட்டார். அது கார்க்கின் கோளாறு, ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டதாக அர்த்தமில்லை என்றார் அவர். "மீதி பதினொண்ணும் நல்லா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். தெறந்தாத்தான் சார் தெரியும்."

அந்த ஒரு வாக்கியம் அப்பாவைத் தின்றது. கதவைத் திறக்காமலே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிப் பிழைத்த மனிதர். இங்கே காதை வைத்துக் கேட்க எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எந்த நல்ல நாள் வந்தாலும் "இன்னைக்கு வேண்டாம்" என்றார். அண்ணன் கல்யாணத்துக்கும் அதே பதில். அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு பாட்டிலை மேலே கொண்டுவந்தார், மேஜையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தார், திரும்பக் கொண்டுபோனார். "நீங்க ஒயின் வளக்கல, பயத்தை வளக்கறீங்க" என்றாள் அம்மா.

சின்னவள் படித்து முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. ஒரு கருவி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறதோ, அந்த அளவுக்கு அதற்குள்ளேயே திருத்தம் போட்டு அனுப்புவார்கள். முதல் மாதமே அப்பாவுக்கு ஒரு வெப்பமானி கொண்டுவந்தாள். சிவப்பு எழுத்தில் எண் காட்டுவது. தானே சோதித்து, தானே திருத்தம் போட்டு, தேதியும் தன் கையெழுத்தும் உள்ள சின்ன ஸ்டிக்கரை ஓரத்தில் ஒட்டியிருந்தாள்.

"இனிமே அந்தக் கண்ணாடிக் குச்சியைத் தூக்கி உள்ளே வைங்கப்பா. இது கால் டிகிரி பிசகாது."

"இன்ஜினியர் மேடம் சொன்னா சரிதான்."

அப்பா பழைய சாமான்களை வைத்து ஒரு குளிரூட்டி செய்து, சிவப்பு எண் பதின்மூன்றில் நிற்கிற மாதிரி அதன் திருகைத் திருப்பி வைத்தார். ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு கோடையில் நிலவறைக்குப் பூட்டு போட்டார். ஒருவரையும் உள்ளே விடவில்லை. "கதவைத் தெறந்தா சூடு ஏறும்" என்றார். சின்னவள் கேட்டதற்கும் அதே பதில்தான். அவளை இன்னும் கறாராகவே தடுத்தார். ஒருமுறை அவள் படியிறங்கப் போனபோது கையைப் பிடித்து இழுத்தே விட்டார். வயசாகிவிட்டது, பயம் முற்றிவிட்டது என்று அவளும் அண்ணனும் பேசிக்கொண்டார்கள். இன்னும் ஆறு வருஷம் போனது. அவரும் போனார்.

இரண்டு வாரம் கழித்து அம்மா சாவியைக் கொடுத்தாள். சின்னவள் இறங்கினாள். விளக்கைப் போடும் முன்பே சுவரில் சிவப்பாக எண் தெரிந்தது.

ஆறு.

பயத்தில் இவ்வளவு குளிரவைத்துவிட்டாரா? ஆனால் அறை அவ்வளவு குளிராக இல்லை. தோலுக்கே தெரிந்தது. அடுத்த நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து தரமான வெப்பமானி ஒன்றை எடுத்துவந்தாள். பதின்மூன்று. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். பதின்மூன்று. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தாள். பதின்மூன்றேதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவைத் தேடி எடுப்பது கஷ்டமாக இல்லை. அந்தக் கருவி மூன்றரை டிகிரி குறைத்துக் காட்டியது. மூன்றரையைக் கூட்ட வேண்டிய இடத்தில் அவள் கழித்திருந்தாள். இரண்டும் சேர்ந்து ஏழு. திருத்தம் போட்டபின் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்குத்தானே என்று அதை விட்டிருந்தாள்.

நோட்டு ஆணியில் தொங்கியது. பென்சில் நூலில் தொங்கியது. ஆறு வருஷப் பக்கங்களில் பதின்மூன்று, பதின்மூன்று, பதின்மூன்று. அதாவது இருபது. அப்புறம் அந்தக் கோடையில் ஒரு நாள், பதின்மூன்று என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இருபது. பழைய கண்ணாடிக் குச்சியை எடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து இரண்டு பத்தி: ஆறு, பதின்மூன்று. ஆறு, பதின்மூன்று. வேறு ஒரு சொல் இல்லை. ஸ்டிக்கர் உரியாமல் அப்படியே இருந்தது. ஓரங்கள் எழும்பிய இடத்தில் பசை தடவி ஒட்டியிருந்தார்.

மோட்டாரைத் தொட்டே டிகிரி சொன்ன மனிதர். அவருடைய தோல் ஆறு வருஷமாக என்ன சொல்லியிருக்கும்? மீட்டர் தப்பு என்று எல்லாரிடமும் சொன்னவர், இந்த மீட்டரை மட்டும் நம்பியிருக்கிறார்.

இருபது டிகிரி ஒயினை ஒரேயடியாகக் கொல்லாது. சீக்கிரம் கிழடாக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. அவள் போட்டுப் பார்த்தாள். கெட்டிருக்கும் என்றும் வந்தது, கெட்டிருக்காது என்றும் வந்தது.

அம்மாவுக்குத் துணை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டாள். காலையும் மாலையும் இறங்கினாள். ஆறு, பதின்மூன்று என்று எழுதினாள். யாரும் சொல்லவில்லை. அப்பா விட்ட வரிக்குக் கீழே ஒரு வரிகூட இடைவெளி விடாமல் தொடர்ந்தாள். ஏழு மாதம். ஒருநாள் பக்கத்தைப் புரட்டும்போது, எங்கே அவர் கை முடிந்து தன் கை தொடங்குகிறது என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்த ஞாயிறு கல்யாண நாள்" என்றாள் அம்மா. "பெரியவன் வர்றான். ஒண்ணு தெறக்கலாம்."

"இன்னைக்கு வேண்டாம்மா" என்றாள் சின்னவள்.

"அடுத்த ஞாயிறுன்னு சொன்னேன்."

அம்மா மகளையே பார்த்தாள். மருந்துக்கடையில் தவறான மாத்திரையைக் கொடுத்துவிட்டால் பார்க்கிற மாதிரி.

அந்த வாரம் முழுக்க சின்னவள் சரியாகத் தூங்கவில்லை. இத்தனை வருஷமாக அம்மாவை "ஆகட்டும்" என்று காக்கவைத்த பொருள். அதன் மூடியைத் திறந்ததும் வாடை வந்தால் அது யார் செய்த வேலை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், அப்பா ஆறு வருஷம் பூட்டு போட்டுக் காத்தது வீணாகும். சொல்லாவிட்டால், அவர் மேல் பழி. பூதம் காத்தும் புதையல் உளுத்துப்போச்சு என்று அண்ணன் சொல்வான். சிரிப்பான்.

ஞாயிறு மதியம் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அண்ணன் கார்க் திருகியைச் செருகினான். கார்க் பாதியில் உடைந்தது. மீதி தூளாகி உள்ளே விழுந்தது.

"ஆரம்பமே அமர்க்களம்" என்றான் அண்ணன். "ம்மா, டீ வடிகட்டி எங்க?"

"ஊத்தாத" என்றாள் சின்னவள்.

"ஏன்டீ?"

"நான் ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். கழித்தது, கூட்டாதது, மறுபடி சோதிக்காதது, ஏழு டிகிரி, ஆறு வருஷம், நோட்டில் இரண்டு பத்தி. ஆய்வுக்கூடத்தில் பிழை அறிக்கை வாசிப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

அண்ணன் வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"ஏழுன்னு. கண்டுபிடிச்ச அன்னைக்கே மேல வந்து சொன்னார். சட்டையெல்லாம் வேர்வை. 'அவ காதுக்குப் போச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்'னார். எங்க போவீங்கன்னேன். 'கீழ போய் உக்காந்துக்கறேன்'னார்." அம்மா டம்ளரை நகர்த்தினாள். "அதே மாதிரி போய் உக்காந்துக்கிட்டார். நீ ஊத்துடா."

"அப்ப எதுக்கும்மா இதைத் தெறக்கச் சொன்னே?" சின்னவளுக்கு அழுகையைவிடக் கோபம் முந்தியது. "தெரிஞ்சும் ஏன்?"

"உன் கையெழுத்தைப் பாத்தேன்டீ."

"எங்க?"

"எங்கயா? போன மாசம் நீ ஆபீஸ் போனப்ப கீழ இறங்கினேன். முட்டி வலியோட ஏழு படி. அந்த நோட்டைப் பாத்தேன். அவர் செத்துட்டாரா இல்லையான்னு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு. ஒருத்தரை அந்த ஓட்டைக்குக் குடுத்தாச்சு. போதும்."

அண்ணன் ஊற்றினான். நிறம் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோகவில்லை, வெளிச்சத்தில் பார்க்கவில்லை. இருமல் மருந்து மாதிரி ஒரே வாயில் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சின்னவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மோட்டார் பக்கம் காதை வைத்துக் காத்திருப்பது போல.

"கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா.

அண்ணன் ஒரு வாய் குடித்தான். துரு, தண்டவாளம் என்று ஏதாவது சொல்வான் என்று சின்னவள் காத்திருந்தாள். அவன் விழுங்கினான். டம்ளரைக் கவிழ்த்தான்.

"கெட்டதுதான்" என்றாள் அம்மா மறுபடியும். "புளிச்சு, கசந்து, ஒண்ணுமில்லாமப் போச்சு. இதுக்கா மனுஷன் ஆறு வருஷம் கீழயே..." புறங்கையால் வாயைத் துடைத்தாள். "போ. அடுத்ததை எடுத்துட்டு வா."

"அதுவும் இப்படித்தாம்மா இருக்கும்."

"இருக்கட்டும். இன்னும் பத்து இருக்கு. அவர் வாங்கினது தனியா இருக்கு. ஒவ்வொண்ணாக் கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு சொல்லி முடிப்போம். போடீ."

சின்னவள் எழுந்தாள். ஏழு படி. பாட்டில் எடுக்க வந்தபோது கதவைச் சாத்த மறந்திருந்தாள். வீட்டின் சூடு அரை மணி நேரமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு எண் ஒன்பதில் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தானது. குளிரூட்டி முனகிக்கொண்டு ஓடியது.

ஆறைத் தாண்டக் கூடாது.

கை தானாகக் கதவுக்குப் போனது. கதவு பாதி வந்தது. மாடிப்படி வழியாக வந்த வெளிச்சம் குறுகி, ஸ்டிக்கர் மேல் ஒரு கோடாக விழுந்தது. அதில் அவள் கையெழுத்து, இருபத்துநாலு வயதில் போட்டது, கீழே ஒரு அலட்சியமான சுழிப்போடு.

"என்னடீ, அங்கேயே உக்காந்துட்டியா?" மேலிருந்து அம்மா. குரலில் கேலி இல்லை.

பென்சில் நூலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டைத் தொடவில்லை. கீழ்த் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை உருவினாள். கண்ணாடி கையில் குளிர்ந்தது. எத்தனை டிகிரி என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வர்றேம்மா" என்றாள்.

கதவு பாதி திறந்தபடியே நின்றது. எண் பதினொன்றானது.