செம்மண் கட்டிய பருப்பு

தாராவியில் அன்னத்தாயைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய பருப்பைத் தெரியாத திருநெல்வேலிக் குடும்பம் கிடையாது. புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்து, இருமி இருமியே செத்துப்போன பிறகு, குடிசை வாசலில் ஒரு சாக்கை விரித்து அதையே கடை என்று உட்கார்ந்தவள். சரக்கும் ஒன்றே ஒன்றுதான், துவரம்பருப்பு.

அதை ஏனோதானோவென்று செய்யமாட்டாள். முழுத் துவரையை ஊறவைத்து, செம்மண்ணைக் குழைத்துப் பூசி, தகரக் கூரைமேல் காயப்போட்டு, அப்புறம்தான் திருகையில் உடைப்பாள். மண் கட்டிய பருப்பை வண்டு அண்டாது, வெந்தால் வெண்ணெயாய்க் குழையும். உலையில் போடுமுன் நன்றாகக் களைந்துவிட்டால் மண் போய்விடும். தென் ஜில்லாப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. களைந்த தண்ணீர் சிவக்கவில்லை என்றால், மண்ணில் கூடவா கஞ்சத்தனம் என்று அவளிடம் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அறுபதுகளில் பம்பாயில் கலப்படச் சட்டம் கெடுபிடியாயிற்று. தெருமுனைப் பெரிய கடையில் பருப்புக்கு மஞ்சள் சாயம் ஏற்றுவது ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் அந்தக் கடையின் கதவு சாத்திக்கொண்டது. அன்னத்தாய் கடைக்குக் கதவே இல்லை. இருந்திருந்தாலும் சாத்தியிருக்கமாட்டாள், அசடு!

இன்ஸ்பெக்டர் அனந்தகிருஷ்ணன் பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர். ஒரு பிடி பருப்பை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். கை சிவந்தது.

“என்னம்மா இது? இதுல என்ன கலந்திருக்கு?”

“செம்மண்ணு சாமி. நாந்தான் கட்டுனேன்.”

அவர் பேனாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்க சொல்றதை நான் அப்படியே எழுதியாகணும்.”

மண்ணைக் குறைத்துப் போட்டுவிட்டதாக மனுஷர் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தாள் அவள். “தாராளமா எளுதிக்கோங்க சாமி. ஒரு பருப்பு விடாமக் கட்டியிருக்கேன்” என்றவள், உள்ளே போய் ஊரிலிருந்து வரவழைத்த மண் மூட்டையையும் இழுத்துவந்து காட்டினாள்.

அனந்தகிருஷ்ணன் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் சட்டத்துக்கு மண் என்றால் மண்தான். எதற்காகப் போட்டாய் என்று அது கேட்காது. மூன்று பாட்டில்களில் பருப்பை நிரப்பி, அரக்கு முத்திரை வைத்து, சட்டப்படி ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாட்டிலை அவள் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “பாத்தியா, சர்க்காரே நம்ம பருப்புக்கு முத்திர போட்டுக் குடுத்திருக்கு” என்று பக்கத்து வீட்டு முருகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

பிறகு கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பருப்பில் மண் சேர்த்தது உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டதைத் தமிழில் சொன்னார்கள். “ஆமய்யா. பொய் சொல்லமாட்டேன். களைஞ்சா போயிரும்...” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்காகச் சாட்சி சொல்லத் துணைக்கு வந்த முருகம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அபராதத்தோடு விட்டார்கள். பருப்பை மட்டும் விடவில்லை. மூட்டைகளை மாஹிம் உப்பங்கழியோரம் கொட்டி, மேலே பினாயிலை ஊற்றினார்கள். “சாமி, புள்ளைக இருக்கிற வீட்டுக்காவது குடுத்திருங்களேன்” என்று அவள் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

கலப்படக்காரி என்ற பெயர் அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. சண்டை போட்டு மண் கேட்ட அதே பெண்கள் தெருமுனைக் கடைக்குப் போனார்கள். முருகம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குத் தெரியும்க்கா. எங்க வீட்ல அவுகதான், கோர்ட்டே வேண்டாம்னு சொன்ன பருப்பு நமக்கு எதுக்குன்னு சொல்லுதாவ” என்றாள். வயிறு சும்மா இருக்குமா? கடைசியில் அன்னத்தாயும் தெருமுனைக் கடையிலேயே மஞ்சள் பருப்பை வாங்கி, அதே சாக்கில் பரப்பி விற்க உட்கார்ந்தாள்.

ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி ஒருநாள் வந்தாள். பருப்பைக் கிளறிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“என்ன அத்த, மண்ணு கட்டுன பருப்பு இல்லியா?”

அன்னத்தாய் அம்மன் படத்துப் பக்கம் திரும்பி அந்தப் பாட்டிலைப் பார்த்தாள்.

“அதெல்லாம் விக்கக்கூடாது தாயி. அது கலப்படம்” என்று சொல்லிவிட்டு, சாயப் பருப்பை அளந்து அவள் பையில் போட்டாள்.