பணிவாக ஆமாம் சொல்லக் கற்ற வருஷம்

கொரியன் வகுப்பில் ஆமாம் சொல்ல ஐந்து விதம் கற்றுக்கொண்டேன். இல்லை என்று சொல்ல ஒன்றுகூடக் கற்றுக்கொள்ளவில்லை. சொல்லித் தந்த மனிதருக்கே அது தெரிந்திருக்குமா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், 'நாற்பது நாளில் கொரியன்' என்று போர்டு தொங்கியது. நடத்தியவர் கொரியாவில் பிளாஸ்டிக் வாளி செய்கிற பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பெண்ணாடத்திலிருந்தும் நல்லூரிலிருந்தும் டிகிரி முடித்த பையன்கள் பஸ் ஏறி வந்து, வாயில் ஈ போவது தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் நான்.

"பெரியவங்க எதச் சொன்னாலும் ஒத்துக்கணும். அவ்ளோதாங்க கொரியன்" என்பார். போர்டில் எழுதிப் போடுவார். நே என்றால் ஆமாம். மஜாயோ என்றால் நீங்கள் சொல்வது சரி. குரொம்யோ என்றால் அதிலென்ன சந்தேகம். குரொகேயோ என்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அல்கெஸ்ஸும்னிதா என்றால் உத்தரவு. ஆள் பெரிய ஆளாக இருந்தால் மஜாயோ போதாதாம், மட்ஸும்னிதா என்று நீட்ட வேண்டுமாம். கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, கண்ணைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். இந்தக் கூழைக்கும்பிட்டுக்கு நாற்பது நாள் வகுப்பு. நம் ஊரில் எந்த அரசாங்க ஆபீஸ் வராந்தாவிலாவது அரை மணி நேரம் நின்றாலே இதைவிட நன்றாகக் கற்றுக்கொள்ளலாம்.

அந்த மொழியைக் குறை சொல்லவில்லை. பிறகு நானாக அகராதி வாங்கிப் படித்தபோது தெரிந்தது, அதில் மறுப்பதற்கும் மரியாதையான வழிகள் ஏராளம் உண்டு. எங்களுக்கு வேண்டியதை மட்டும் நாங்கள் பொறுக்கிக்கொண்டோம்.

என்னை அங்கே அனுப்பியவர் எங்கள் முதலாளி. நான் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, பீங்கான் தொழிற்பேட்டையில் அவருடைய கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பிரிக்கிற வேலையில் இருந்தேன். ஹீட்டரில் கம்பி சுற்றுகிற பீங்கான் துண்டுகளை ஒரு கொரியக் கம்பெனி எங்களிடம் வாங்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதலாளிக்கு அப்போதே கால் தரையில் பாவவில்லை. என் நோட்டை வாங்கி ஒருநாள் புரட்டிப் பார்த்தார். ஐந்து விதமாக ஒத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, சாமி வந்தது மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் கம்பெனி ஆட்கள் முப்பது பேரையும் மண் குவியலுக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தார். நான் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்லிவிட்டுக் குனிய வேண்டும்.

"அவரு உன்னப் பாத்து என்னா கேட்டாலும் இதான் பதிலு. புரியுதோ இல்லியோ, குனிஞ்சு சொல்லணும். வேற ஒரு வார்த்த வாயிலேர்ந்து வரக்கூடாது" என்றார் முதலாளி.

துண்டுகளின் ஓரத்தில் பிசிறு தேய்க்கிற பெண்களில் ஒருத்தி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இத நாங்க தெனம் தமிழ்ல சொல்லிக்கிட்டுத்தான இருக்குறோம்" என்றாள். நான் பெரிய டீச்சரம்மா மாதிரி அவளை முறைத்தேன். எனக்கு அப்போது இருந்த திமிரை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்.

வரிசையிலேயே உச்சரிப்பு சுத்தமாக வந்தது சூளைக்காரருக்குத்தான். ஐம்பதை நெருங்கிய ஆள். பதினெட்டு வருஷமாக அந்தச் சூளையை எரிப்பவர். பார்வைத் துளை வழியாக உள்ளே இருக்கிற நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஒரு வார்த்தையை ஒரு தடவை கேட்டால் போதும், அச்சாக அப்படியே சொல்வார். முதலாளியே, "பாத்துக்கங்க, கொரியாக்காரனே தோத்தான்" என்று அவரைக் காட்டிச் சிரித்தார். அவரும் கூச்சத்தோடு சிரித்தார்.

கொரியாவிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். முதல் தடவை வந்து மாதிரித் துண்டுகளைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வரும்போது சூளையிலிருந்து புதிதாக எடுத்த சரக்கைப் பார்ப்பேன், அதை வைத்துத்தான் ஆர்டர் என்று நாள் குறித்துவிட்டுப் போனார். ஒழுங்காக வேலை செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகவே முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் முதலாளி வீட்டுக் காதுகுத்து நடுவில் வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் மண்டபம். சூளையில் சரக்கு அடுக்க வேண்டிய ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் அண்டா தூக்கவும் இலை எடுக்கவும் வைத்துக்கொண்டார். போகமாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படி நாள் போய், கடைசியில் அவசர அவசரமாகச் சூளை வைத்தார்கள்.

எரித்து முடித்த சூளை தானாக ஆற வேண்டும். சூடு இருக்கும்போது வாசலை அடைத்திருக்கிற கல்லைப் பிரித்தால் வெளிக்காற்று பட்டு, உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் விரிசல் விடும். செராமிக் படித்தவர்களுக்கு இது முதல் பாடம். என்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் காலையில் முதலாளி வந்து கல்லைப் பிரிக்கச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாளு ஆறணுங்க" என்றார் சூளைக்காரர்.

"அவரு நாளைக்கு வந்துட்டு ராத்திரியே கௌம்புறாருய்யா. ஆறுற வரைக்கும் அவர ஊஞ்சல்ல வெச்சு ஆட்டிக்கிட்டு இருக்கவா? பிரி."

சூளைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "சரிங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பி, "என்னாம்மா, நீ படிச்சவ, ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது சார்" என்றேன். படித்த படிப்பு அவ்வளவுதான்.

மறுநாள் என்ஜினியர் வந்தார். எல்லாரும் வரிசையாக நின்று, ஒரே குரலில் நே போட்டுக் குனிந்தார்கள். அந்த மனிதருக்கே சங்கடமாகிவிட்டது, அவரும் பதிலுக்குக் குனிந்துகொண்டே வந்தார். சரக்கு வைத்திருந்த மேசைக்குப் போனார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் தொங்கவிட்டு, ஒரு நாணயத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். பன்னிரண்டில் ஏழு செத்த சத்தம் போட்டன. அந்த ஏழையும் தனியாக வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்.

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சூளைக்காரரைக் கை காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்த ஆள் என்னைக் கேட்காமல் சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டான் என்றார். சொல்லிவிட்டுப் பல்லை இளித்தார். ஆங்கிலம் தெரியாத சூளைக்காரர், தன்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறார் என்று நினைத்து அடக்கமாக நின்றார்.

என்ஜினியர் என்னைப் பார்த்து, கொரிய மொழியில், அப்படித்தானா என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. மிரட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. அப்போது நான் அகராதியில் பாதி தாண்டியிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதும், அந்த நாலும் எனக்குத் தெரியும். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையைத் தொடையில் ஒட்டி, இடுப்பை வளைத்து, இருப்பதிலேயே மரியாதை கூடிய வடிவத்தில், ஆமாம், அப்படித்தான் என்றேன். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது. அப்பாவுக்கு நிலம் இருந்தது. எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

அந்த மனிதர் அதோடு விடவில்லை. மற்றவர் சொன்னதை வைத்து ஒருத்தரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நேராகச் சூளைக்காரரிடம் போய் நின்றார். கொஞ்சம் குனிந்து, கொரிய மொழியிலேயே, மெதுவாக, தெளிவாக, சூளையைத் திறக்க முடிவு செய்தது நீங்களா என்று கேட்டார்.

சூளைக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணைக் காட்டினார். உடனே அவர் கை இரண்டும் தொடைக்குப் போனது. நான் சொல்லித் தந்த மாதிரியே வளைந்தார்.

"நே, மட்ஸும்னிதா" என்றார். ஒரு பிசிறு இல்லை.

என்ஜினியர் நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு சூளைக்காரருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்னிடம் திரும்பி, தப்பை மறைக்காத மனிதர், மதிக்கிறேன், ஆனால் என் சரக்கு வேகிற சூளைக்குப் பக்கத்தில் இவர் வரக்கூடாது, அப்படியானால் ஆர்டர் தருகிறேன் என்றார். பின்பாதியை மட்டும் முதலாளிக்குச் சொன்னேன். அவர் ஐந்து விதத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தலையாட்டினார்.

அந்த வாரமே சூளைக்காரரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எரிப்பது தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. பேட்டையில் ஏறி இறங்கினார். சரக்கைக் கெடுத்த ஆள் என்று அதற்குள் எல்லாக் கம்பெனிக்கும் பேச்சு போயிருந்தது, ஒருவரும் சேர்க்கவில்லை. கொரியாக்காரன் கையால் பாராட்டு வாங்கியவனுக்கு எப்படி வேலை போகும் என்று அவர் வீட்டில் கேட்டார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்கி அவரு என் கையப் புடிச்சாரு. நல்லாத்தான பேசுனாரு. அப்புறம் ஏம்மா என்ன நிறுத்திட்டாங்க? நான் என்னா சொன்னேன் அவருகிட்ட?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு, அவர் கேட்டது என்ன, அதற்கு இவர் சொன்னது என்ன என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"எனக்குத்தான் புரியல. ஒனக்குப் புரிஞ்சுதேம்மா. பக்கத்துலதான நின்ன?"

"ஆமாண்ணே" என்றேன்.