ஒரு ‘பார்க்கலாம்’ கொண்டுவந்த ஆறு பெட்டிகள்

என் டைரியில் போன பிப்ரவரியின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: ‘பெட்டிக்காரருக்கு போன் செய்தேன். பார்க்கலாம் என்று சொன்னேன்.’ பல வருடங்களாக நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறேன். இந்த ஒரு வரியைப் போல வேறெதுவும் என்னைக் குழப்பியதில்லை.

நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில், ஆய்வகக் கண்ணாடிக் குழாய்கள் விற்கும் சிறு கம்பெனி ஒன்றில் கொள்முதல் என் வேலை. குழாய்களை அனுப்பும் அட்டைப்பெட்டிகளை வழக்கமான இடத்திலேயே வாங்குவதென்று முடிவாகியிருந்தது. ஆனாலும் கோப்பில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டும் என்பது விதி; இரண்டுதான் இருந்தன. ஈரோட்டுக்காரரான என் மேனேஜர், “சும்மா இன்னொண்ணு வாங்கி ஃபைல்ல போட்டுடுங்க. இல்லாட்டி ஆடிட்ல கேப்பாங்க” என்றார்.

நான் அழைத்தது ஒரு யூதர் நடத்தும் பட்டறையை. அவர், அவர் மனைவி, இரண்டு ஆட்கள், அவ்வளவுதான். அளவுகளைக் குறித்துக்கொண்டவர், வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வீ வில் சீ” என்றேன். ஜாதகம் கொடுத்த வீட்டாரிடம் நாம் சொல்வோமே, அந்தப் ‘பார்க்கலாம்’. நம்மவர்கள் அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்து ஆறு மாதிரிப் பெட்டிகளோடு எங்கள் ரிசப்ஷனில் நின்றார். வேறொருவர் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாராம். எங்கள் குழாய் அசையாமல் உட்கார உள்ளே தனியாக ஒரு மடிப்பு வைத்திருந்தார். பொழுது சாய்ந்தால் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் வீடு சேர வேண்டும் என்றார்.

கோப்பில் போடத்தான் விலை கேட்டேன் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வாங்கும் எண்ணமில்லாத பொருளுக்கு விலை கேட்கக் கூடாதென்று தங்கள் பெரியவர்கள் வகுத்திருக்கிறார்கள் என்றார். நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது தப்பா என்று கேட்டேன். மனம் திறந்திருந்தால் தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் அது திறந்திருந்ததா என்பது கேட்டவருக்குத்தான் தெரியும், அதனால்தான் தங்கள் வேதம் அந்த இடத்தில் ‘கடவுளுக்குப் பயப்படு’ என்று சேர்த்துச் சொல்கிறது என்றார்.

எங்கள் மொழியில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு ‘வேண்டாம்’ என்றுதான் பொருள் என்று விளக்கப் பார்த்தேன். சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் அதை ஏன் எனக்குப் புரிகிற மொழியில் சொன்னீர்கள்?” என்று கேட்டார். 

அவர் போனதும் மேனேஜரிடம் போய், மூன்றையும் புதிதாக ஒப்பிட வேண்டும் என்றேன். “இப்ப நெசமாவே பாக்கலாங்கறீங்களா?” என்று சிரித்தார். சிரித்தாலும் சம்மதித்தார். மடிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்களுக்கு வேண்டிய எண்ணிக்கையில் குறித்த நாளுக்குள் செய்து தர அவரிடம் ஆள் போதாது. திங்களன்று அழைத்து, ‘இல்லை’ என்று அந்த ஒரே சொல்லில் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு நூலகத்தில் அவர் சொன்ன விதிக்கான விளக்கங்களைத் தேடிப் படித்தேன். எல்லாமே கேட்டவனின் மனதில் என்ன இருந்தது என்பதிலேயே வந்து நிற்கின்றன. அந்தச் செவ்வாய்க்கிழமை, ‘பார்க்கலாம்’ என்று சொன்ன நொடியில், வாங்கும் எண்ணம் எனக்குத் துளியாவது இருந்ததா? டைரியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சாட்சி நான் ஒருவன்தான், என்னையே நம்ப முடியவில்லை.