மலாயா அடுப்பைக் கழுவிய கதை

எங்கள் வீட்டுக் கரண்ட் அடுப்பைக் கெடுத்தது நான்தான். இத்தனை வருஷமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பழி இன்னொருவன் தலையில் விழுந்தது. விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றவளும் நான்தான்.

அந்த அடுப்பு மலாயாவிலிருந்து எங்களோடு கப்பலில் வந்தது. என் கணவர் அங்கே ரயில்வே கந்தோரில் கிளாக்கராக இருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது அதை வாங்கினார். இரும்புச் சட்டம், நடுவில் வெள்ளை மண் தட்டு, தட்டின் பள்ளங்களில் சுருள் சுருளாகக் கம்பி. சுவிச்சைப் போட்டால் கம்பி சிவந்து வரும். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்தி நாங்கள் யாழ்ப்பாணத்து அரியாலைக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் கரண்ட் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்த அடுப்பைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் வருவார்கள். யாருக்கும் விடாய் இல்லாத நேரத்திலும் நான் தேத்தண்ணி கொதிக்க வைத்துக் காட்டுவேன். சோறு கறியெல்லாம் விறகடுப்பில்தான். அதை வந்தவர்களுக்குச் சொல்வதில்லை.

வந்த நாளிலேயே அதற்கு வயது போய்விட்டது. மாதம் ஒருதரம் கம்பி அறும். கணவர் அறுந்த நுனிகளை இழுத்து முறுக்கிவிடுவார். முறுக்கிய இடத்திலேயே திரும்ப எரிந்து அறும். கடைசியில் இழுத்து முறுக்கவும் கம்பி மிச்சமில்லாமல் போயிற்று.

அப்போதுதான் அவனைக் கூப்பிட்டோம். அன்று 'அவன்' என்றுதான் சொன்னேன். இன்று 'அவர்' என்று எழுதி நல்லபிள்ளைக்கு நடிக்க எனக்கு விருப்பமில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவன், பிள்ளைகுட்டிக்காரன். கொழும்பில் கரண்ட் வேலை பழகி, ஊரிலேயே தொழில் செய்யலாம் என்று திரும்பி வந்திருந்தான். எங்கள் வீடுகளில் முற்றத்துக்கு மேல் ஏறவிடாத ஆட்களில் ஒருவன். அவனுடைய தகப்பன்தான் எங்கள் வளவுக்கு வேலி அடைப்பவர். தகப்பன் என்னை 'நாச்சியார்' என்பார். மகன் 'அம்மா' என்றான். எனக்கு அது சுருக்கென்றது.

அந்த அடுப்பில் அவனுக்கு ஒரு காரியம் தங்கியிருந்தது. முன்வீட்டுப் பிரக்கிராசியார், கோட்டில் வழக்குப் பேசுபவர், தன் புது வீட்டுக்குக் கரண்ட் எடுக்க இருந்தார். "உங்கடை அடுப்பை உவன் ஒழுங்காய்ச் செய்து தரட்டும். என்ரை வீட்டு வேலை முழுக்க உவனுக்குத்தான்" என்று என் கணவரிடம் சொல்லியிருந்தார்.

"வீட்டுக்குள்ளை விடுவியளோ?" என்று இவர் கேட்டார்.

"வேலை முடிய வீட்டைக் கழுவிவிட்டால் சரிதானே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வயர் இழுத்தவர்கள் கொழும்பு ஆட்கள். அவர்கள் என்ன ஆட்களென்று எங்களுக்குத் தெரியாது, ஆனபடியால் வீடும் கழுவவில்லை. இவனைத்தான் தெரிந்திருந்தது. பிரக்கிராசியார் வீடு கிடைத்தால் மற்ற வீடுகளும் தன்னால் வரும், கிடைக்காவிட்டால் பெண்சாதி பிள்ளைகளோடு கொழும்புக்கே போகவேண்டியதுதான் என்று அவன் என் கணவரிடம் சொல்லியிருக்கிறான். அது எனக்கும் தெரியும்.

கொழும்பிலிருந்து புதுக் கம்பி எடுப்பித்துக்கொண்டு ஒரு பின்னேரம் வந்தான். தேசிமரத்தின் கீழே சாக்கு விரித்து, அடுப்பை வைத்துக் கழற்றினான். பழைய கம்பியை எடுத்துவிட்டு, பள்ளங்களில் இருந்த கரியைக் கோழியிறகால் தட்டினான். புதுக் கம்பியை ஒரே அளவாக இழுத்து இழுத்துப் பதித்தான். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு சுத்தமான கைவேலையை நான் அதுவரை கண்டதில்லை.

சரிபார்க்கக் கரண்ட் வேண்டும். அதைச் செருகும் இடமோ குசினிக்குள். ஆகவே என் கணவர் அடுப்பை உள்ளே தூக்கிப்போய்ச் செருகினார். அவன் யன்னலுக்கு வெளியே, சுவரோடு நின்றான்.

"சிவக்குதோ ஐயா?"

"ஓம், சிவக்குது."

"எல்லா இடமும் ஒரே மாதிரியோ?"

"ஓம் ஓம், நல்லாய்ச் சிவக்குது."

தான் செய்த அடுப்பு எரிவதை அவன் காணவே இல்லை. கேட்டுத்தான் சந்தோஷப்பட்டான். தேத்தண்ணி வேண்டுமா என்றேன். எங்கள் கோப்பையில் அல்ல, தேங்காய்ச் சிரட்டையில்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். "இப்பதான் குடிச்சனான், அம்மா" என்று சொல்லிப் போனான்.

மறுநாள் காலையில் பிரக்கிராசியார் அடுப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. என் கணவர் இந்தத் தீட்டுத் துடக்கையெல்லாம் பகிடி பண்ணுகிறவர், பகிடியோடு நிறுத்திக்கொள்பவர். அன்று பொழுதுபட அவர் கோயிலுக்குப் போனதும் நான் அடுப்பைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் தெளிக்கத்தான் நினைத்தேன். அவன் விரல் படாத இடம் அதில் ஒன்றுமில்லையே என்று மனம் அரித்தது. ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரையும் அதன் மேல் ஊற்றினேன். கம்பிமேலும் ஊற்றினேன், மண் தட்டிலும் ஊற்றினேன். பிறகு மேலால் துடைத்து, காய்ந்துவிட்டது என்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன். துரை வீட்டில் அதே அடுப்பில் மாடு வெந்திருக்கும். அப்போதெல்லாம் கழுவவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் பிரக்கிராசியார் சால்வையோடு வந்து குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தார். நான் கேத்திலை வைத்துச் சுவிச்சைப் போட்டேன். படீரென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. மண் தட்டு இரண்டாகப் பிளந்தது, வீட்டுக் கரண்டும் நின்றது. பயத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிய பிரக்கிராசியார் சால்வையைச் சரிசெய்தபடி, "உவங்களை நம்பி வேலை குடுத்தால் உதுதான்" என்றார்.

ஏன் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. வாய் திறந்திருக்கலாம். நான் கேத்திலைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆள் அனுப்பி அவனைக் கூப்பிட்டார்கள். அதே தேசிமரத்தடி. பிரக்கிராசியார் பக்கத்திலேயே நின்றார். அவன் அடுப்பைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினான். உள்ளே மஞ்சளாய் ஈரம் தேங்கியிருந்தது. ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தான். தலையை நிமிர்த்திக் குசினி வாசலைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான்.

"தண்ணி பட்டிருக்கு, ஐயா" என்றான். மஞ்சள் என்று சொல்லவில்லை.

என் கணவர் என் பக்கம் திரும்பி, "நீர் தண்ணி கிண்ணி ஊத்தினீரோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

சத்தம்கூடத் தடுமாறவில்லை. அதை நினைக்கத்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"செய்யிறதையும் செய்துபோட்டு வீட்டுக்காரிலை பழி போடுறான்" என்று பிரக்கிராசியார் போய்விட்டார். அவன் விரலைச் சாரத்தில் துடைத்தான், திருகாணிகளைப் பொறுக்கி அடுப்பின் பக்கத்தில் வைத்தான், சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனான். பிரக்கிராசியார் வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அடுத்த வேலியடைப்புக்கு வந்தபோது, மகன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டதாகத் தகப்பன் சொன்னார். என்னை அப்போதும் 'நாச்சியார்' என்றே சொன்னார்.

அன்று அவன் சாக்கோடு போனபிறகு என் கணவர் குனிந்து அடுப்பின் அடியைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். என் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"பிரக்கிராசியாரிட்டை நான் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ."

அவரும் சொல்லவில்லை.

அன்று இன்னொன்றும் செய்தேன். அவன் வாசல் படலையைத் தாண்டியதும் அதே செம்பில் மஞ்சள் கரைத்து, தேசிமரத்தடியில் அவன் இருந்த இடத்துக்குத் தெளித்தேன்.