டம்ளரைத் திருப்பி வைத்தவர்

நெய் மிதந்த கேசரி நாக்கைச் சுட்டது இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சுட்ட வாயோடுதான் நான் அக்காவுக்குத் தலையாட்டினேன். தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு மதியம், பேரையூரில் எங்கள் செல்வி அக்காவைப் பெண் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு டிவியிலோ பழைய வெளிநாட்டுப் படம் ஒன்று சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டிக்கு வாய் அடைச்சுப்போச்சுடா மாப்ள" என்று அந்த வீட்டு அண்ணன் அதன் தலையில் நாலு தட்டுத் தட்டிய பிறகுதான் அது ஊமைப்படம் என்றே எங்களுக்குத் தெரிந்தது. படத்தில், தனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையையே கார் டிரைவர் என்று நினைத்து ஒரு பெண் ஆசைப்படுகிறாள். மாப்பிள்ளை வேண்டாமென்று கல்யாணத்தன்று வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறாள். அவள் கதவைத் திறக்கும் இடத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் தலை நிமிரக் கூடாது என்பது வழக்கமாதலால், காபி கொடுத்த அக்கா பார்த்ததெல்லாம் கால்களைத்தான். ஒருவர் மட்டும் குடித்த டம்ளரைத் தானே எழுந்து தட்டில் திருப்பி வைக்க, அப்போது அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அடுப்படியில் என் கையைப் பிடித்து, "டம்ளரத் திருப்பி வெச்சாருல்ல, அவருதானடா மாப்பிள்ள?" என்று கேட்டாள். படம் முடிந்துவிடுமே என்ற தவிப்பில் நான் வேகமாகத் தலையாட்டிவிட்டு ஓடினேன். அதற்குள் படமும் முடிந்திருந்தது. திரும்பி வந்தபோது, "என்னத்தா, சம்மதமா?" என்று அப்பா கேட்க, அக்கா தலையசைக்க, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்குப் போன அன்றுதான் உண்மை வெளியானது. டம்ளரைத் திருப்பி வைத்தவர் மாப்பிள்ளையின் கூட்டாளி; அன்றும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதாள். "வெத்தல மாத்தியாச்சுத்தா. வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்" என்று அம்மாவும் அழுதாள். நான் அப்பாவிடம் போய், "நான்தாம்ப்பா மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் "போய்ப் படி" என்றார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

மச்சானைக் குறை சொல்ல முடியாது. உழைப்பாளி. வீட்டில் பேச்சுத்தான் கிடையாது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் பிள்ளைகள் செல்போனில் எதையோ தேட, அந்தப் படம் அகப்பட்டது. கதவைத் திறந்த பெண், வாசலில் நிற்கிற டிரைவர்தான் மாப்பிள்ளை என்று அறிந்து விழிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்குத்தானாடா அன்னைக்கு அம்புட்டு அவசரம்?" என்றாள்.

இப்போது பெண் பார்க்க வருமுன்பே போட்டோ போனில் வந்துவிடுகிறது. இருவரும் பேசியும் விடுகிறார்கள். யாருக்கும் யாரும் தலையாட்ட வேண்டியதில்லை.

மச்சான் காபி குடித்து முடித்து டம்ளரைத் தரையில் வைத்தார். அக்கா எழுந்து போய் எடுத்தாள்.